முலாம்பழக் கொடியும் பீச் மரமும்: ஒரே தோட்டத்தில் இரண்டையும் வளர்க்க ஒரு முழு வழிகாட்டி

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் பீச் என்று எழுதினால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மேலே ரோமம் படர்ந்த அந்தப் பழம்தான், சிலருக்குக் கடற்கரை. நான் சொல்லப்போவது இரண்டும் இல்லை. ஓக், செஸ்ட்நட் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்த, ஐரோப்பியக் காடுகளில் 30, 40 மீட்டர் உயரத்துக்கு வழவழப்பான சாம்பல் நிறத் தண்டோடு நிற்கும் ஃபேகஸ் சில்வாட்டிகா. நம் ஊரில் மரமே இல்லை என்பதால் தமிழில் வழக்குப் பெயரும் இல்லை. முலாம்பழத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கிர்ணிப்பழம் என்றாலும் அதுதான்.

நான் இருப்பது இங்கிலாந்தில், சில்டர்ன்ஸ் மலைச்சரிவின் ஓரத்தில். சுண்ணாம்புப் பாறையின் மேல் மெல்லிய மண், சுற்றிலும் பீச் காடுகள். பின்தோட்டத்தில் சின்னதாக ஒரு பசுமைக்குடில் போட்டு அதற்குள் முலாம்பழம், வேலிக்குப் பீச். ஆரம்பத்தில் நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான்: மரத்தைக் கொடி மாதிரி கவனித்தேன், கொடியை மரம் மாதிரி விட்டுவிட்டேன். பீச் கன்றுக்குத் தொழுவுரமும் தினசரித் தண்ணீரும் கொடுத்து வேரை அழுகவிட்டேன், முலாம்பழத்தை நட்டுவிட்டு அது பாட்டுக்கு வரும் என்று ஒரு வாரம் ஊருக்குப் போனேன். இரண்டும் போயின. அதனால் இந்த வழிகாட்டியை ஒவ்வொரு படியிலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்றுக்கு நல்லது பெரும்பாலும் மற்றதற்குக் கெடுதல்.

எந்த ஊரில் எது சாத்தியம்

முலாம்பழத்துக்கு வேண்டியது வெப்பம். உறைபனி பட்டால் அன்றோடு சரி, பனி இல்லாவிட்டாலும் 10 டிகிரிக்குக் கீழே போனால் இலை சுருங்கி வளர்ச்சி நின்றுவிடும். 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் கொடி கண் முன்னாலேயே நீளும். தமிழ்நாட்டில் தையில் விதைத்தால் சித்திரை வெயிலுக்குப் பழம் கையில் இருக்கும், யாரும் வெப்பத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. இங்கே ஏப்ரலில் விதைத்து ஆகஸ்ட் கடைசியில் அல்லது செப்டம்பரில் பறிக்கிறோம், அதுவும் கூரைக்கு அடியில்.

பீச் நேர் எதிர். அதற்குக் குளிர்காலம் கட்டாயம். குளிர் போதுமான காலம் நீடித்து, அப்புறம் பகல் நீளம் கூடினால்தான் மொட்டு முழுதாக விரியும். பகலின் நீளத்தை இவ்வளவு கவனிக்கிற மரங்கள் குறைவு, பிப்ரவரியில் நாலு நாள் வெயில் அடித்ததென்று ஏமாந்து துளிர்க்காது. அதனால் சென்னையில், மதுரையில் பீச் நடலாமா என்று யோசிக்கவே வேண்டாம். ஊட்டி? இரவில் புல்லில் உறைபனி விழும்தான், ஆனால் பகல் இதமாகிவிடும். இங்கே மாதக்கணக்கில் நீளும் குளிர் அங்கே இல்லை, நான் காசு செலவழிக்க மாட்டேன்.

மழைக் கணக்கும் சுவாரசியமானது. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை, லண்டனுக்கு சுமார் 600 தான். ஆனால் சென்னை மழையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும், லண்டன் மழை பன்னிரண்டு மாதமும் தூறிக்கொண்டே இருக்கும். பீச்சுக்குப் பிடித்தது இந்தத் தூறல்தான்.

முதல் படி: இடம் பார்ப்பது

இரண்டையும் ஒரே தோட்டத்தில் வைப்பதாக இருந்தால் இந்தப் படியில் அவசரப்படாதீர்கள், பிறகு மாற்ற முடியாது. முலாம்பழத்துக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். பீச் கன்று நிழலிலேயே வளரும், காட்டில் தாய் மரத்தின் அடியில் வெளிச்சமே இல்லாத இடத்தில் வருடக்கணக்கில் காத்துக்கொண்டு நிற்கும். ஆனால் அது பெரிதானதும் தருகிற நிழல் இருக்கிறதே, ஐரோப்பிய மரங்களில் மிக அடர்த்தியான நிழல்களில் ஒன்று. கோடையில் பீச் காட்டுக்குள் போய்ப் பாருங்கள், தரையில் புல்கூட இருக்காது. இங்கே புகழ்பெற்ற புளூபெல் பூக்கள்கூட மரம் இலை விடுவதற்குள் அவசர அவசரமாகப் பூத்து முடித்துக்கொள்கின்றன.

வட ஐரோப்பாவில் சூரியன் தெற்குப் பக்கமாகத்தான் போகும். எனவே பீச் வேலி முலாம்பழப் பாத்திக்கு வடக்கே அல்லது கிழக்கே இருக்க வேண்டும். அப்படி வைத்தால் ஒரு லாபமும் உண்டு, வசந்தத்தில் வீசும் குளிர்ந்த கிழக்குக் காற்றை வேலி வடிகட்டிவிடும். பாத்தியை வேலியோடு ஒட்டி வைக்காதீர்கள், குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும். பீச் வேர் ஆழமாகப் போகாது, மேல் மண்ணிலேயே பரவும், முலாம்பழத்துக்கு நீங்கள் ஊற்றுகிற தண்ணீரை அது குடித்துவிடும்.

தனி மரமாக வளர்க்கிற ஆசை இருந்தால் தோட்டத்தின் அளவை முதலில் பாருங்கள். விரிந்து வளர்ந்த பீச்சின் தலைப்பகுதி 15, 20 மீட்டர் அகலம் போகும். சாதாரண வீட்டுத் தோட்டத்துக்கு வேலிதான் சரி.

இரண்டாம் படி: மண்

இரண்டுக்கும் பொதுவான ஒரே நிபந்தனை வடிகால். தண்ணீர் தேங்கினால் இரண்டும் செத்துப்போகும். இந்த ஒரு ஒற்றுமையோடு சரி.

முலாம்பழத்துக்கு மணல் கலந்த செம்மண் போல இளகிய, சீக்கிரம் சூடாகிற மண் நல்லது. கார அமிலத்தன்மை 6 முதல் 7-க்குள் இருக்கட்டும். செடிக்கு ஒரு வாளி நன்றாக மட்கிய தொழுவுரம் போட்டு மண்ணோடு கலந்து, சற்றே மேடாக்கி வையுங்கள். எனக்குச் சுண்ணாம்பு மண் என்பதால் மட்கு கொஞ்சம் தாராளமாகவே போடுகிறேன், இல்லாவிட்டால் இரும்புச்சத்து கிடைக்காமல் இளம் இலைகள் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்.

பீச்சுக்குச் சுண்ணாம்பும் சரி, ஓரளவு அமில மண்ணும் சரி. கெட்டியாக மிதிபட்ட மண்ணும் ஈரம் வடியாத களிமண்ணும்தான் ஆகாது. குழியில் எருவே போடாதீர்கள், நான் அழுத்திச் சொல்கிறேன். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் மட்டும் பஞ்சு மெத்தை போட்டுக் கொடுத்தால் வேர் அதை விட்டு வெளியே வராது, மழைக்காலத்தில் அந்தக் குழி தொட்டியாகி நீர் நிற்கும். என் முதல் வரிசைக் கன்றுகள் போனது இப்படித்தான்.

கடையில் வேர்ப் பூஞ்சைப் பொடி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முலாம்பழ வேரோடு கூட்டுச் சேரும் பூஞ்சை வேரின் செல்லுக்குள் நுழைகிற வகை, பீச் வேரோடு சேர்வது வேர் நுனியை வெளியிலிருந்து உறை போலச் சுற்றிக்கொள்கிற வகை. ஒன்று மற்றதற்கு உதவாது. பாக்கெட்டில் எந்த வகை என்று படித்துவிட்டு வாங்குங்கள், வாங்காவிட்டாலும் குடி முழுகிவிடாது.

மூன்றாம் படி: விதை

முலாம்பழ விதை எளிது. இரவு முழுவதும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து, வீட்டில் சூடான ஒரு மூலையில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை முனை எட்டிப்பார்க்கும். 9 செ.மீ. தொட்டிக்கு இரண்டு விதை, படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, ஒன்றரை செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். மண் வெப்பம் 21 டிகிரிக்குக் குறையக் கூடாது. பிறகு வீரியமான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள், பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அறுந்துவிடும். வேரைத் தொந்தரவு செய்தால் முலாம்பழம் மன்னிக்காது. இங்கே ஏப்ரல் பாதிக்கு முன்னால் விதைப்பதில் பயன் இல்லை, வெளிச்சம் போதாமல் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும்.

பீச் விதைக்குப் பொறுமை வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் முள் முளைத்த சின்னக் கிண்ணம் நாலாக வெடித்து முக்கோண வடிவக் கொட்டைகள் விழும், பெரும்பாலும் கிண்ணத்துக்கு இரண்டு. எல்லா வருடமும் கிடைக்காது. சில வருடம் தரையே தெரியாத அளவுக்குக் கொட்டும், பிறகு பல வருடம் பெயருக்குத்தான் காய்க்கும். பொறுக்கி வந்ததும் தண்ணீரில் போடுங்கள், மிதப்பது பெரும்பாலும் பொக்கு. மூழ்கியவற்றை ஈர மணலோடு கலந்து, பாலித்தீன் பையில் போட்டு, காற்றுக்கு இரண்டு ஓட்டை விட்டு, குளிர்சாதனப் பெட்டியில் 3 முதல் 5 டிகிரியில் இரண்டு மூன்று மாதம் வையுங்கள். (பையின் மேல் எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் அதை ஏதோ சுண்டல் என்று நினைத்து அடுப்பு வரை கொண்டுபோய்விட்டார்.) ஜனவரிக் கடைசியிலிருந்து வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, முளை விட்டதை எடுத்துத் தொட்டியில் ஊன்றி, மேலே கம்பி வலை போடுங்கள். எலிக்குப் பீச் கொட்டை என்றால் உயிர். முதலில் வருவது விசிறி மாதிரி இரண்டு தடித்த வித்திலைகள், பீச் இலை மாதிரியே இருக்காது, களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

விதையிலிருந்து ஆரம்பிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நாற்றங்காலில் வேர்க்கட்டு இல்லாத வெறும் வேர்க் கன்று வாங்கலாம். நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள், இலை இல்லாத காலத்தில் மட்டும் விற்பார்கள், விலையும் மலிவு.

நான்காம் படி: நடுவது

முலாம்பழ நாற்றை ஜூன் முதல் வாரத்துக்கு முன் வெளியே கொண்டுபோகாதீர்கள். பசுமைக்குடிலுக்குள் என்றால் மே கடைசி போதும். வெளியே நடுவதாக இருந்தால் ஒரு வாரம் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கிவிடுங்கள். வேர்க்கட்டு மண் மட்டத்துக்கு ஒரு விரல் மேலே தெரியும்படி நட வேண்டும், ஏனென்றால் தண்டும் மண்ணும் சேருகிற கழுத்துப் பகுதியில் ஈரம் நின்றால் அழுகிவிடும். செடிக்குச் செடி 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர்.

பீச் கன்று நடும்போது ஒரே எதிரி காற்று. வேர் காய்ந்தால் முடிந்தது. ஒருமுறை கட்டை அவிழ்த்துப் புல்லில் பரப்பிவிட்டு ஒரு டீ குடிக்க உள்ளே போனேன், வெயில்கூட இல்லை, காற்று மட்டும்தான், அந்தக் கட்டில் பாதி வசந்தத்தில் துளிர்க்கவே இல்லை. வேரை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து நடுங்கள். வேலிக்கு 30 முதல் 45 செ.மீ. இடைவெளி. குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். நாற்றங்காலில் இருந்த மண் மட்டம் தண்டில் கறையாகத் தெரியும், அதே மட்டத்தில் நடுங்கள். காலால் மிதித்து இறுக்கி, 5 முதல் 8 செ.மீ. தடிமனுக்கு மரத்தூள், இலை என்று மூடாக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். முயல் வருகிற இடம் என்றால் தண்டுக்கு உறை மாட்டியே ஆக வேண்டும்.

ஐந்தாம் படி: தண்ணீர்

என்னைப் பொறுத்தவரை தோட்டக்காரர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

முலாம்பழத்துக்குப் பருவத்துக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு. நட்ட முதல் பத்து நாள் அளவாக. கொடி ஓட ஆரம்பித்ததும் கூட்டுங்கள். பிஞ்சு பிடித்துப் பருக்கும் காலத்தில் நிறைய, விட்டு விட்டு அல்ல, ஒரே சீராக. காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் பழம் வெடிக்கும். பழுக்க ஆரம்பித்ததும் நன்றாகக் குறைத்துவிடுங்கள், அப்போது ஊற்றுகிற தண்ணீர் இனிப்பைக் கெடுக்கும். உச்சி வெயிலில் பெரிய இலைகள் தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றாதீர்கள், அது இயல்பு. சாயங்காலமும் நிமிரவில்லை என்றால்தான் தாகம். ஊற்றுவது வேர்ப்பகுதியில், கழுத்தில் அல்ல, இலையில் அல்ல.

பீச் தன் தாகத்தைச் சொல்லவே சொல்லாது, சொல்லும்போது தாமதமாகிவிட்டிருக்கும். இலை ஓரம் பழுப்பாவதைப் பார்க்கும் நேரத்தில் வேர் நுனிகள் ஏற்கெனவே செத்திருக்கும். எனவே இலையைப் பார்க்காமல் மண்ணைப் பாருங்கள்: பத்து செ.மீ. ஆழத்தில் விரலை விட்டு ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள். முதல் இரண்டு கோடைக்கு மட்டும், மழை இல்லாத வாரங்களில், தனிக் கன்றுக்கு வாரம் ஒருமுறை 10 முதல் 20 லிட்டர், மெதுவாக. தினம் ஒரு குவளை ஊற்றுவது வேரை மேலேயே தங்கவைக்கும். மூன்றாம் ஆண்டிலிருந்து சாதாரணக் கோடையில் ஒன்றும் வேண்டாம்.

வளர்ந்து முதிர்ந்த பீச்சையும் வறட்சி விடாது. 1976 கோடை வறட்சியில் இங்கிலாந்தின் பீச் மரங்கள் பெரும் அடி வாங்கின. 2018-ல் ஜெர்மனியிலும் அதே கதை, அந்த வருடம் பச்சையாகத் தெரிந்த மரங்கள்கூட அடுத்தடுத்த ஆண்டுகளில் உச்சியிலிருந்து காய்ந்து வந்தன. மேலாக ஓடும் வேர்தான் காரணம்.

ஆறாம் படி: உரம்

பீச்சுக்கு: எதுவும் வேண்டாம். விழுந்த இலையைப் பெருக்காமல் விட்டால் அதுவே போதும்.

முலாம்பழத்துக்கு ஆரம்பத்தில் தொழுவுரத்தில் இருக்கிற தழைச்சத்து போதும். அதற்கு மேல் தழைச்சத்து கொடுத்தால் இலை தாம்பாளம் மாதிரி வரும், காய் வராது. பிஞ்சு எலுமிச்சை அளவு ஆனதும் சாம்பல்சத்து கூடுதலாக உள்ள, தக்காளிக்கென்று விற்கும் திரவ உரத்தை வாரம் ஒருமுறை கொடுங்கள், பழம் முழு அளவு வந்ததும் நிறுத்துங்கள்.

ஏழாம் படி: கிள்ளுவதும் வெட்டுவதும்

குடிலுக்குள் முலாம்பழத்தைக் கயிற்றில் ஏற்றலாம். உங்கள் தலை உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகளில்தான் காய்க்கும் பூ வரும், பிஞ்சுக்கு அப்பால் இரண்டு இலை விட்டு அந்தக் கிளையையும் கிள்ளுங்கள். தரையில் படரவிடுவதாக இருந்தால் ஐந்து இலையில் நுனி கிள்ளி, நாலு கிளையை நாலு திசைக்கு விடுங்கள். குடிலில் செடிக்கு நாலு பழம், வெளியே இரண்டு. மனசு வராது, இருந்தாலும் மீதியை எடுத்துவிடுங்கள்.

பீச்சில் மேல் நுனியைத் தொடாமல், நீங்கள் விரும்பும் உயரம் வரும்வரை பக்கவாட்டில் மட்டும் லேசாக வெட்டுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு கவாத்து, ஆகஸ்ட் கடைசியில், பறவைக் கூடு இல்லையென்று பார்த்துவிட்டு. இப்படி வெட்டப்பட்ட பீச் குளிர்காலம் முழுவதும் காய்ந்த செம்பழுப்பு இலைகளை உதிர்க்காமல் வைத்துக்கொள்ளும், செத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். உயரத்தை ஆண்டுதோறும் வெட்டிக் கட்டுப்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஸ்காட்லாந்தின் மெய்க்கிளவர் போக வேண்டும். 1745-ல் நட்ட பீச் வேலி, இன்றைக்கு சுமார் 30 மீட்டர் உயரம், அரை கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம்.

எட்டாம் படி: பூவும் காயும்

முலாம்பழத்தில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. ஏழு பத்து நாள் கழித்து, காம்பில் குட்டிப் பிஞ்சோடு காய்க்கும் பூக்கள் வரும். தேனீ வந்தால் பிரச்சினை இல்லை, பகலில் குடிலின் கதவைத் திறந்து வையுங்கள். வராத நாளில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, காய்க்கும் பூவின் நடுவில் தடவுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: நாலு பூவையும் இரண்டு மூன்று நாளுக்குள் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் சத்து முழுவதையும் அதுவே இழுத்து, மற்ற பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். கயிற்றில் தொங்கும் பழத்துக்கு வெங்காயம் வருகிற வலைப்பையைத் தொட்டில் மாதிரி கட்டுங்கள்.

பூத்து 35 முதல் 45 நாளில் பழுக்கும். காம்பைச் சுற்றி வட்டமாக விரிசல் விழும், குடில் கதவைத் திறந்ததும் வாசனை வரும், மறுமுனையை அழுத்தினால் லேசாக அமுங்கும். வெள்ளரிப்பழம் கொடியை விட்டுக் கழல்வது போல என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான், கையில் ஏந்தினால் தானே வந்துவிடும். அதற்கு முன் பறித்தால் மெத்தென்று ஆகுமே தவிர இனிப்பு கூடாது. (ஹனிடியூ மாதிரி சில வகைகள் இப்படிக் கழலாது, நிறம் பார்த்து வெட்ட வேண்டும்.) குளிர் ஊர்களில் ஓகன், மினசோட்டா மிட்ஜெட் போன்ற சிறு பழ வகைகளே மேல். பக்கத்து ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் பிளென்ஹைம் அரண்மனைத் தோட்டத்தில் 19-ம் நூற்றாண்டில் உருவான பிளென்ஹைம் ஆரஞ்ச் எனக்குப் பிடித்தது, குடில் இருந்தால் மட்டும்.

பீச் பூவுக்குக் காற்றே போதும், தேனீ வேண்டாம். தனியாக நிற்கும் மரம் முதல் காய் காய்க்க 40 வருடத்துக்கு மேல் ஆகலாம். எனவே இந்தப் படியில் உங்களுக்கு வேலை இல்லை.

ஒன்பதாம் படி: எதிரிகள்

முலாம்பழத்துக்குக் குடிலுக்குள் சிலந்திப்பேன், அசுவினி, ஆடி ஆவணி வாக்கில் இலை மேல் மாவு தூவியது போல் சாம்பல் நோய். காற்றோட்டமும் வேரில் ஈரமும் இருந்தால் பாதி குறையும். தமிழ்நாட்டில் பெரிய தொல்லை பழ ஈதான், பிஞ்சிலேயே காகிதப் பை கட்டிவிடுங்கள்.

பீச்சுக்கு இங்கே முதல் எதிரி சாம்பல் அணில். அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது, 10 முதல் 40 வயது மரங்களின் மெல்லிய பட்டையை உரித்துவிடும், சுற்றிலும் உரித்தால் அதற்கு மேல் உள்ள பகுதி காய்ந்துவிடும். வேலியாக வெட்டி வளர்த்தால் இந்தத் தொல்லை குறைவு. மே மாதத்தில் பிந்திய உறைபனி இளந்தளிரைக் கருக்கலாம், ஜூனில் மறுபடி துளிர்க்கும், விட்டுவிடுங்கள்.

பத்தாம் படி: அக்டோபர் வேலை

முலாம்பழக் கொடியைப் பிடுங்கி உரக்குழியில் போடுங்கள், நோய் பட்ட இலைகளைத் தவிர. அடுத்த வருடம் அதே இடத்தில் வெள்ளரி, பூசணி, முலாம்பழம் எதுவும் வேண்டாம். கைக்கு எட்டாத பீச் மரங்களிலிருந்து காற்றில் வந்து விழும் இலைகளை வாரி, நனைத்து, ஓட்டை போட்ட சாக்கில் திணித்து, குடிலுக்குப் பின்னால் தள்ளிவையுங்கள். வேலி அடியில் விழுந்ததை அங்கேயே விட்டுவிடுங்கள். பீச் இலை மட்க இரண்டு வருடம் ஆகும். சாக்கைப் பிரித்தால் கறுப்பாக, பொலபொலவென்று, காட்டு வாசனையோடு இருக்கும். சத்து அதிகம் கிடையாது, விதை முளைக்க அதுதான் தோது. சலித்து, பாதிக்குப் பாதி மணல் கலந்து, ஏப்ரலில் முலாம்பழ விதையை அதில் ஊன்றுங்கள்.